மக்கு என்று சொல்லி வளர்த்த மகள்

என் மகளுக்கு நாலு வயது நிரம்பியிராத ஒரு காலை. அவளுடைய அப்பாவுக்கு விடாத இருமல். பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போய் வாங்கி வந்திருந்த மருந்துச் சீசாவை மாடத்திலிருந்து எடுத்துக் கரண்டியில் ஊற்றப் போனேன். தரையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "குலுக்கோணும்மா" என்றாள்.

"ஆரு சொன்னா உனக்கு?"

"சீசா சொல்லுது."

திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டின் அடியில், பொடி எழுத்தில், 'குலுக்கிச் சாப்பிடவும்' என்று அச்சடித்திருந்தது.

அதுவரை யாரும் அவளுக்கு ஓர் எழுத்தும் சொல்லிக் கொடுத்ததில்லை. நூல் கட்டுகளைச் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாள்களை அடுப்படியில் உட்கார்ந்து, விரலை ஓட்டியபடி முணுமுணுத்துப் படிப்பது என் வழக்கம். மடியில் கிடந்தவள் என் விரலைப் பார்த்தும் என் முணுமுணுப்பைக் கேட்டும் தானாகவே கோத்துக்கொண்டிருக்கிறாள்.

என் கணவர் இருமலை மறந்துவிட்டார். மருந்தைக் குடிக்காமலே அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தறியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சீசா பேசுதாமா! இன்னும் எதெது பேசுது, சொல்லு சாமி!" மண்ணெண்ணெய் டப்பா பேசியது. தீப்பெட்டி பேசியது. சுவரில் தொங்கிய காலண்டர், கிழமையையும் கடைக்காரர் ஊரையும் சேர்த்தே சொன்னது. அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

நான் சேலத்தில் பிறந்தவள். அங்கே பெண்கள் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, குமாரபாளையத்தில் நெசவுக்காரத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மூத்த மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அவளுக்குப் பின் பிறந்த இரண்டு பையன்களும் நடக்கத் தொடங்கிய வயதில், ஒருவன் பின் ஒருவனாகப் போய்விட்டார்கள். இரண்டும் துறுதுறுவென்று இருந்த பிள்ளைகள். தெருவே தூக்கி வைத்துக் கொஞ்சியது. போன பிறகு, கண்பட்டுத்தான் போயின என்று அதே தெரு சொன்னது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். எட்டாவது படித்தவள் டாக்டர் சொன்னதை நம்பினாள். பெற்றவள் தெரு சொன்னதை நம்பினாள். இரண்டு பேரும் நான்தான்.

எனக்கு நாற்பது நெருங்கும்போது இவள் பிறந்தாள். பறிகொடுத்த வீட்டில் பிறக்கும் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டோரம் வைப்பார்கள். வேறு வீட்டுக்காரர் ஒரு பிடி தவிடு கொடுத்து எடுத்துப் போவார். பிறகு அவரிடம் போய், 'வளர்க்கக் குடுங்க' என்று கேட்டு வாங்கி வர வேண்டும். தவிட்டுக்குப் போன பிள்ளை, விலை பெறாதது, இதைப் போய்த் தூக்குவானேன் என்று எமன் நினைத்துக்கொள்வானாம். இவளை வாங்கியது அடுத்த வீட்டில் இருந்த என் கணவரின் அக்கா. பெயரும் கேவலமாகத்தான் வைத்தோம். அதை இங்கே எழுதமாட்டேன். பெரியவளானால் என்னோடு சண்டைக்கு வருவாள்.

தவிட்டோடு வழக்கம் முடிந்துவிடாது. பிள்ளையை யாரும் புகழக்கூடாது. யாராவது புகழ்ந்துவிட்டால் உடனே மறுத்துப் பேச வேண்டும். "லட்சணமா இருக்குதே" என்றால், "மூக்கொழுகி, பாக்கச் சகிக்காது" என்று நான் சொல்ல வேண்டும். "நல்லாப் பேசுதே" என்றால் "வாயி மட்டுந்தான், மண்டையில ஒண்ணுமில்ல" என்று அவள் அப்பா சொல்ல வேண்டும்.

சீசா பேசிய செய்தியை அன்று மாலையே நாத்தனாரிடம் சொன்னோம். தவிடு கொடுத்து வாங்கினவராயிற்றே, மறைக்க முடியுமா? அவர் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார். அடுத்த நிமிஷம் சட்டம் போட்டார்.

"உள்ளுக்குள்ள அவ எதை வேணாலும் படிக்கட்டும். வாசப்படி தாண்டினா மக்கு. தெரிஞ்சுதா? மக்குன்னா மக்குதான்."

மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வாசற்படியில் கால் வைக்கும்போதே முகத்தை மாற்றிக்கொள்வாள். வாயை லேசாகத் திறந்து, கண்ணை எங்கேயோ விட்டு, ஒரு தோளைத் தொங்கப்போட்டு நடப்பாள். தெருக்காரர்கள், "பாவம், தவிட்டுப் புள்ள" என்று உச்சுக் கொட்டுவார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், "இன்னிக்கு நல்லா மக்கா இருந்தனா?" என்று கேட்பாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

உள்ளே அவள் படித்த வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. குழந்தைகளுக்கென்று புத்தகம் வாங்கிப் பழக்கமில்லாத தெரு. வாங்கினால் யாருக்கென்று கேட்பார்கள். நூல் கட்டுத் தாள்கள் தீர்ந்தன. பஞ்சாங்கத்தை எடுத்து ராகுகாலம் முழுதும் ஒப்பித்தாள். மாட்டு வண்டியில் தமுக்கடித்து வீசிப்போகும் டென்ட் சினிமா நோட்டீஸுக்காக அவள் அப்பா, நரைத்த மீசையோடு, பொடிப்பிள்ளைகளுக்கு நடுவே ஓடிப் பொறுக்கி வருவார். மளிகைப் பொட்டலங்களை நான் பிரிப்பதே இல்லை. அவள்தான் பிரிப்பாள். மிளகாயைத் தட்டில் கொட்டிவிட்டுத் தாளை நீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு நாள் மிளகாய்த் தாளில் ஒரு கதை பாதியில் நின்றுவிட்டது. ராஜகுமாரி கிணற்றில் எட்டிப் பார்க்கிறாள். அங்கே தாள் கிழிந்திருந்தது. "உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டுச் சாப்பிட மறுத்துவிட்டாள். அவள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க, காலையில மொளகா கட்டிக் குடுத்தீங்களே, அந்தத் தாளோட மிச்சம் இருக்குதுங்களா?"

கடைக்காரர் தராசை வைத்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். "மொளகா வேணுங்களா, தாளு வேணுங்களா?"

"தாளுதானுங்க. ராஜகுமாரி கெணத்துல எட்டிப் பாக்கறா. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியோணும்."

"ஆருக்குங்க தெரியோணும்?"

"எனக்குத்தானுங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு எதிர்ச்சாரி வரை கேட்டிருக்கும். மிச்சத் தாள் புளியோடு எவர் வீட்டுக்கோ போய்விட்டதாம். கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு கட்டுப் பழைய தாளையே தூக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, தறிக்காரருக்கு இந்த வயதில் ராஜகுமாரிப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை வைத்துக்கொண்டு மீசையை முறுக்கித் திரிந்தார். கிணற்றில் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. அவளே ஒரு முடிவு கட்டிக்கொண்டாள். அதில் ஒரு தவளையும் ஒரு டாக்டரும் வருவார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தது. விஜயதசமியன்று கூட்டிப்போனோம். தலைமை வாத்தியார் நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "புள்ளைக்கு எழுத்து ஏதாச்சும் தெரியுமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

சுற்றிலும் தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். என் வாய் பழக்கத்தில் பேசிவிட்டது.

"ஒண்ணுந் தெரியாதுங்க. சுத்த மக்குங்க."

அவர் அவளைக் குனிந்து பார்த்தார். அவள் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, மணல்ல உக்காரட்டும்" என்றார் அவர். கீழ் வகுப்புப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' போட்டுப் பழகுவார்கள்.

சேர்த்துவிட்டால் போதும், வாத்தியார் தானாகவே கண்டுகொள்வார் என்று நினைத்திருந்தேன். அவர் எப்படிக் கண்டுகொள்வார்? வாசற்படிக்கு வெளியே தனக்குப் படிக்கத் தெரியாது என்று அவள் அவ்வளவு ஒழுங்காகப் பயின்றிருந்தாள். பொங்கல் கழிந்தது. மற்றப் பிள்ளைகள் மணலை விட்டுப் பலகைக்குப் போனார்கள். இவள் மணலிலேயே இருந்தாள். நடிப்பில் முதலில் இருந்த குஷியும் போய்விட்டது. காலையில் வயிறு வலிக்கிறது என்பாள். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் மண்ணேறி, முகம் சுருங்கி வருவாள். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தால் வாங்கி, பேசாமல் பக்கத்தில் வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் தலைமை வாத்தியார் என்னை வரச் சொல்லி அனுப்பினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. புள்ள இன்னும் 'அ'வைத் தாண்டலைங்க. மத்ததுங்க மக்கு மக்குன்னு கேலி பண்ணுதுங்க. வந்து உக்காந்து மனசு ஒடிஞ்சு போறதுக்கு, ஊட்டுலயே வெச்சுத் தார் சுத்தப் பழக்குனீங்கன்னா நல்லதுங்க."

தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் நூல் சுற்று. எங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பெண் பிள்ளைகளின் வேலை அது.

"சார், அவ பத்திரிகை படிப்பாளுங்க" என்றேன். என் குரல் எனக்கே அழுகை போலக் கேட்டது.

அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "நீங்கதானுங்களே மக்குன்னு சொன்னீங்க?"

அவளைக் கூப்பிட்டு மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். கண் வரிகளின் மேல் ஓடியதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"படி சாமி" என்றேன்.

"தெரியாதுங்க."

"அம்மா சொல்றேன், படி."

"எனக்குத் தெரியாதுங்க, தெரியாதுங்க" என்று கத்தி, புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.  வாத்தியார், "விடுங்கம்மா, விடுங்க" என்று எழுந்துவிட்டார்.

வரும் வழியில் ஆற்றங்கரைப் படியில் அவளை உட்கார வைத்து, ஏன் படிக்கவில்லை என்று கேட்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு காதோடு சொன்னாள்.

"நான் படிக்கறது வெளிய தெரிஞ்சா, அண்ணனுங்களத் தூக்கீட்டுப் போன மாதிரி என்னையும் தூக்கீட்டுப் போயிருவாங்களாமா. அத்தை சொன்னாங்க. நீயும் அதுக்குத்தான கதவைச் சாத்தற?"

கதவைச் சாத்தியதில் எட்டாவது படித்தவளுக்கும் பங்கு உண்டு, பெற்றவளுக்கும் உண்டு. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்த விளையாட்டை அவள் எந்த நாளில் இருந்து உயிர்ப் பயமாக ஆடிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.  "சாமி, அதெல்லாம் சும்மா" என்றேன். "சும்மான்னா ஏன் சாத்தற?" என்றாள்.

அன்றிலிருந்து உள்ளேயும் படிப்பதை நிறுத்திவிட்டாள். சுவருக்கும் காது இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள் போலிருக்கிறது. தாளை முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தறிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். சீசாவும் தீப்பெட்டியும் பேசாத வீடு எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் அப்பா இரண்டொரு நாள் தறியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஏ புள்ள, மக்குன்னு தெருவுல நின்னுதான சொன்னோம்? கெட்டிக்காரின்னும் தெருவுலயே நின்னு சொல்லீரலாம். ஊட்டுக்குள்ள சொன்னா அவ நம்ப மாட்டா."

"ஏதாச்சும் ஆயிட்டா?" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். இரண்டு பையன்களையும் மண்ணில் வைத்துவிட்டு வந்த கை அவருடையது. "எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றார் கடைசியில். "ஆனா இவ இப்ப இருக்கற இருப்பு மட்டும் நல்லாவா இருக்குது?"

எங்கள் பாவு போடும் நாள் வந்தது. நெய்வதற்கு முன் நீளவாக்கு நூல்களையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். பாவாற்றி என்ற பெரிய பிரஷால் இரு பக்கமும் நீவி, வெயில் ஏறுமுன் உலர்த்துவார்கள். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலையில்லை. இன்று என் பாவுக்கு நீ, நாளை உன் பாவுக்கு நான் என்று தெரு முழுவதும் வந்து நிற்கும். ஆண்கள் நீவுவார்கள். பெண்கள் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டே வருவார்கள். கஞ்சி காய்வதற்குள் கையை எடுத்தால் நூல் நூலோடு ஒட்டிக்கொள்ளும். யாரும் நகர முடியாது.

தெரு முழுவதும் கஞ்சிக் கையோடு நின்ற அந்த விடியற்காலையில், என் பங்கு இழையை மூத்த மகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு பழைய பத்திரிகைத் தாளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மூத்தவள் அதற்காகவே பவானியிலிருந்து வந்திருந்தாள். சின்னவள் வாசற்படிக்கு உள்ளே, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றேன்.  "என்ற மக மக்கு இல்லைங்க. நல்ல கெட்டிக்காரி. நாலு வயசுலயே படிச்சா."

பாவாற்றிகள் நின்றுவிட்டன. "நீவுங்கடா, காஞ்சிரும்!" என்று யாரோ அதட்ட மறுபடி ஓடின. பாவின் நடுவில் நின்ற நாத்தனார் அலறினார். "அடிப் பாவி! நடுத்தெருவுல நின்னு போட்டு ஒடைக்கறயே! தவிடு குடுத்தது நானு! என்னைக் கேட்டயா?"

"கேட்டா வுட்டிருப்பீங்களா, நங்கையா?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"வுட்டிருக்க மாட்டேன்! எல்லாரும் நெட்டி முறிங்கடி!"

கண்ணேறு போக, விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கிச் சொடுக்குவார்கள். பெண்கள் எல்லோரும் கையைத் தூக்கப் போனார்கள்; விரலெல்லாம் கஞ்சியும் இழையும். "இழையை வுட்டீங்கன்னா உங்க பாவுக்கு நாங்க வர மாட்டோம்!" என்று ஆண்கள் கத்தினார்கள். எதிர்வீட்டுக்காரி, "இப்ப என்ன பண்றது, தலையாலதான் முறிக்கோணும்" என்றாள். எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பித் தெரு நெடுக ஓடியது. என் பயத்துக்கு நடுவே எனக்கும் சிரிப்பு வந்தது.

நான் தாளைப் பிரித்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் நான் உரக்கப் படித்தது அதுவே முதல் தடவை. எந்த ஊரிலோ ஒரு கோவில் யானை மிட்டாய்க் கடைக்குள் தலையை விட்ட செய்தி. எழுத்துகள் ஆடின. ஜிலேபியைத் தின்றது, பாகுச் சட்டியைக் கவிழ்த்தது, பாகன் வந்தான், இழுத்துப் போனான் என்று முடித்துவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல்.

"லட்டு எங்க?"

திரும்பினேன். அவள் நிலையை விட்டு ஒரு காலை வெளியே வைத்திருந்தாள்.

"எந்த லட்டு?"

"கல்லாப்பெட்டி மேல இருந்த லட்டு. அதைத் தின்னுட்டு யானை கடைக்காரரத் தும்பிக்கையால தடவிக் குடுத்துச்சே. ஒரு வரியை முழுசா வுட்டுட்டயேம்மா!" நான் அடுப்படியில் வைத்திருந்த அந்தத் தாளை, தொடவே மாட்டேன் என்றவள், எப்போது படித்தாளோ!

"அப்படியா போட்டிருக்குது?" என்றார் பாவாற்றியோடு நின்ற ஒரு பெரியவர். "லட்டைத் தின்னுட்டுத் தடவிக் குடுத்துச்சா? சாமி, அதை மறுபடி படி, கேக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். வானத்தைக்கூட ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். முதல் வரி காற்றுக்கே கேட்டிருக்காது. "சத்தமா, அம்மிணி!" என்றார்கள் கோடியில் நின்றவர்கள். அடுத்த வரி அவர்களுக்குக் கேட்டது. யானை முடிந்ததும் எண்ணெய் விளம்பரம் படித்தாள். அதற்கடுத்து மழைச் செய்தி, பிறகு காணாமல்போன எருமை. பாவு காயும்வரை தெரு நெடுக நடந்து நடந்து படித்தாள். அவள் அப்பா பாவின் அடுத்த முனையில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரே இடத்தையே நீவிக்கொண்டிருந்தார்.

இங்கேயே முடித்துவிட ஆசைதான். ஆனால் இரண்டு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

உடம்பு கொதித்தது. நாத்தனார் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.  வாசலுக்குப் போய், நான் சொன்னது பொய், அவள் மக்குதான் என்று மறுபடி கத்திவிட்டு வரலாமா என்று எனக்குத் தோன்றியது. எழுந்துகூட விட்டேன்.

அப்போது அவள் கண்ணைத் திறந்து, "நான் படிச்சதுனாலதானம்மா?" என்று கேட்டாள்.

வாசலுக்குப் போகவிருந்த காலை மடக்கி உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னேன். "கோடி வீட்டுக்காரப் பையனுக்கும் காய்ச்சல் சாமி. நேத்திருந்து படுத்திருக்கறான்."

அவள் யோசித்தாள். காய்ச்சலிலும் அவள் யோசிக்கும்போது புருவம் நெளியும்.

"அவனுக்கா?"

"ஆமா. அவன் தங்கச்சிக்கும்."

"அவனுக்கு 'அ'கூட ஒழுங்காத் தெரியாதே! அதோட வயித்தை மாத்திப் போடுவானே!"

"தெரியாதுதான்."

"அப்ப அவனுக்கு எதுனால வந்துச்சு?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். நாத்தனார் முகட்டைப் பார்த்தார். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வறண்ட உதட்டோடு சிரித்தாள். "அவன்தான் நெசமான மக்கு. அவனுக்கே வந்திருக்குது" என்று சொல்லிப் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அந்தக் காய்ச்சல் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்து, எல்லோருக்கும் போயிற்று. இறங்கிய அன்று அவள் கஞ்சிக்கு முன்னால் கேட்டது, கஞ்சிக்கு அரிசி கட்டி வந்த தாளை.

தலைமை வாத்தியாரிடம் அவளை நாத்தனார்தான் கூட்டிப்போனார். "ஏனுங்க வாத்தியாரே, என்ற தவிட்டுப் புள்ளையை மணல்ல உக்கார வெச்சீங்களாமா?" என்று ஏதோ அவர் செய்த குற்றம் போலக் கேட்டிருக்கிறார். அவள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பாதியை நின்றபடியே படித்தாளாம். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினாராம். கணக்குக்குச் சின்ன வகுப்பிலும், படிப்புக்கு மூன்றாம் வகுப்பிலும் உட்காரட்டும் என்று ஏற்பாடாயிற்று. மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. தோழிகள் எல்லோரும் சின்ன வகுப்பில்தான். மணி அடித்ததும் ஓடிப்போய் அவர்களோடு கல்லாங்காய் ஆடுகிறாள். அதில் எல்லோரிடமும் தோற்கிறாள். அது எனக்கு ஒரு நிம்மதி. மூன்றாம் வகுப்புப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று போன வாரமே புகார் வந்துவிட்டது. கடைக்காரருக்கு இப்போது உண்மை தெரியும். கதை முழுதாக இருக்கிற தாளில்தான் எங்களுக்கு மிளகாய் கட்டுகிறார். நாத்தனார் செவ்வாய்தோறும் உப்பு சுற்றுகிறார். சுற்றும்போது அவள் தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் ஓட்டிப் படித்துக்கொண்டிருப்பாள்.

பயம் எனக்குப் போகவில்லை. அவள் இருமினால் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். யாராவது மெச்சினால் நாக்கின் நுனியில் 'மக்கு' வந்து நிற்கிறது. விழுங்கிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் நூல் வாங்கச் சேலத்துக்குப் போனபோது அவளையும் அழைத்துப் போனோம். செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜவுளிக் கடை, மளிகை மண்டி, வைத்தியசாலை, பல் கட்டுமிடம் என்று இரண்டு பக்கமும் போர்டுகள். வண்டியும் மூட்டை தூக்குகிறவர்களும் இடித்துக்கொண்டு போகும் அந்தச் சந்தில், அவள் அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். தெரியாத மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கடைக்காரர் எழுந்து வந்து, "எத்தனை வயசுங்க இதுக்கு? அடேயப்பா!" என்றார். இன்னொருவர் தன் கடைப் போர்டையும் படிக்கச் சொன்னார். கூட்டம் சேர்ந்தது. எத்தனையோ கண்கள்.  அவள் அப்பா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடக் கூடாதே என்று. பிறகு, "அந்தப் பச்சை போர்டை வுட்டுட்டயே சாமி" என்றேன்.